டைவ் அடிச்சா நின்னு போற இன்ஜின்: ஸ்பிட்ஃபயர காப்பாத்துன ஒரு குட்டி ஓட்டை

வணக்கம் மக்களே! 2024 அக்டோபர்ல நம்ம மெரினாவுல ஏர் ஷோ பாத்தீங்கல்ல, ரஃபேல், சுகோய் எல்லாம் எப்படி திரும்புனாலும் இன்ஜின் நின்னுடுமோனு யாருக்கும் தோணியிருக்காது. ஆனா 1940ல, இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டன் மேல நடந்த வான்சண்டைல, ஸ்பிட்ஃபயர்ங்கற பிரிட்டிஷ் போர் விமானத்த ஓட்டுன பசங்களுக்கு அந்த பயம் இருந்துச்சு.

அதுல இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின், 27 லிட்டர், 12 சிலிண்டர். அருமையான இன்ஜின், ஆனா பெட்ரோல் போறது கார்புரேட்டர் வழியா, அதாவது பெட்ரோலயும் காத்தையும் கலந்து அனுப்புற பாகம். பழைய பைக்க கழட்டி பாத்தவங்களுக்கு தெரியும், உள்ள ஒரு சின்ன கிண்ணம், அதுல ஒரு ஃப்ளோட் மிதக்கும், பெட்ரோல் ஏறினா வழிய மூடும், இறங்கினா திறக்கும்.

இப்ப, மாநகர பஸ்ல கடைசி சீட்ல உக்காந்தா ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போடும்ல? பைலட் திடீர்னு மூக்க கீழ அமுத்துனா கிண்ணத்துல இருக்குற பெட்ரோலும் அப்படித்தான் மேல எகிறும், இன்ஜின் ஒரு தடவ இருமும். அதோட விட்டா பரவால்ல, அடுத்து ஃப்ளோட் ஏமாந்து வழிய முழுசா திறந்துடும், பம்ப் அடிச்சு ஊத்தும், பெட்ரோல் ரொம்பி கரும்புகை கக்கி இன்ஜின் நின்னே போயிடும்.

எதிர்ல வந்த ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109ல ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அதாவது பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற முறை, கிண்ணமே கிடையாது, அதனால அவன் பாட்டுக்கு மூக்க அமுத்திட்டு தப்பிச்சு போயிடுவான். நம்ம ஸ்பிட்ஃபயர் ஆளு விமானத்த தலைகீழா உருட்டி அப்புறம் இழுத்துதான் கீழ போகணும், அப்பத்தான் பெட்ரோல் கிண்ணத்தோட அடியிலயே அழுந்தி இருக்கும், அதுக்குள்ள அவன் எங்கயோ போயிருப்பான்.

இத சரி பண்ணது பீட்ரிஸ் ஷில்லிங், ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்து இன்ஜினியர், ப்ரூக்லேண்ட்ஸ் டிராக்ல மணிக்கு 100 மைலுக்கு மேல பைக் ஓட்டுன பொண்ணு. அவங்க யோசன எவ்ளோ அழகு பாருங்க: ஃபுல் பவர்ல இன்ஜினுக்கு எவ்ளோ பெட்ரோல் வேணுமோ அவ்ளோ மட்டும் போற மாதிரி அளந்து ஓட்டை போட்ட ஒரு சின்ன பித்தள துண்டு, அத பெட்ரோல் லைன்ல மாட்டிட்டா ஃப்ளோட் என்னதான் திறந்தாலும் ரொம்பி வழியாது! 1941 ஆரம்பத்துல ஒரு சின்ன டீமோட விமானத்தளம் விமானத்தளமா போய் மாட்டுனாங்க, இதுக்காக இன்ஜின இறக்க வேண்டியதே இல்ல.

இருமல் முழுசா போகல, தலைகீழா ரொம்ப நேரம் பறக்கவும் முடியாது, அதுக்கு ஃப்ளோட் கிண்ணம் இல்லாம அழுத்தத்துலயே பெட்ரோல் அனுப்புற பிரஷர் கார்புரேட்டர் வர வரைக்கும் காத்திருக்கணும். ஆனா மூக்க அமுத்தி ஓடுன 109 பின்னாடியே அமுத்திக்கிட்டு போக அந்த பித்தள துண்டே போதும்.