சான்றிதழுக்கு மார்க் கிடையாது

(பாளையங்கோட்டையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் நேரம். கண் சொக்கினால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடுவில் ஒரு மார்க் கணக்கு வரும், அப்போது மட்டும் விழித்திருங்கள்.

நம்ம பக்கத்தில் ஆய்வு மாணவனைப் பார்க்கிற எந்த ஆச்சியும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எய்யா, நீ இன்னும் படிச்சிக்கிட்டுதான் இருக்கியா?" கேலிக்காகக் கேட்பதில்லை, கவலையில் கேட்கிறார்கள். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். சேவியர் கல்லூரி 1923-இல் வந்தது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் வந்தது. நடுவிலும் முன்னாலும் எத்தனையோ கல்லூரிகள். இத்தனை இருக்கிற ஊரில் ஒரு வேலை கிடைக்காதா என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். கல்லூரிகள் இருக்கின்றன, சரி. நிரந்தரப் பணியிடம் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி.

அரசுக் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம். 2024-இல் 4000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, ஆகஸ்டில் நடக்க வேண்டிய எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது. அந்த ஆகஸ்டை நம்பி வேலையை விட்டுவிட்டுப் படித்தவர்களை எனக்குத் தெரியும். உதவி பெறும் கல்லூரி என்றால் நிர்வாகம் நேர்காணல் வைத்து எடுக்கும், அரசு ஒப்புதல் தர வேண்டும். சுயநிதிப் பிரிவில் சம்பளம் நிர்வாகத்தின் கையில். நெல்லையை விட்டு நகர மாட்டேன் என்பவர்களுக்கு இந்த மூன்று கதவுகள்தான்.

இப்போது அந்தக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யூஜிசியின், 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் வடிகட்ட ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் கை தூக்குங்கள். சரி, அங்கங்கே சில கைதான். மொத்தம் 100 மார்க். கல்லூரிக்கான அட்டவணையில் இளங்கலைக்கு அதிகபட்சம் 21, முதுகலைக்கு 25, பிஎச்.டி.க்கு 25. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வோடு ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகையும் வாங்கியிருந்தால் 10, வெறும் நெட் என்றால் 8, மாநிலத் தகுதித் தேர்வான செட் என்றால் 5. கற்பித்த அனுபவம் ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை. விருதுக்கு 3. ஆய்வுக் கட்டுரைக்கு? ஒன்றுக்கு 2 வீதம் 6. அதாவது மூன்று நல்ல கட்டுரையோடு அந்தக் கட்டம் நிரம்பிவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு வேறு அட்டவணை. அதில் பிஎச்.டி.க்கு 30, கட்டுரைகளுக்கு 10.

கல்லூரி அட்டவணையை ஜேஆர்எஃபோடு கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிட்டது. வெபினாரில் கலந்துகொண்ட சான்றிதழுக்கு அதில் கட்டமே இல்லை.

கொரோனா காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. ஜூம் இணைப்பை மியூட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது, கடைசியில் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்விக்குக் குத்துமதிப்பாகப் பதில் போடுவது, மறுநாள் மின்னஞ்சலில் நாலு கையெழுத்தோடு பூப்போட்ட இ-சர்டிஃபிகேட். நேர்காணலுக்கு வருகிறவர்கள் இந்த மாதிரி தாளெல்லாம் பிளாஸ்டிக் உறையில் செருகி, இரண்டு கையாலும் தூக்குகிற கனத்துக்கு ஃபைல் கொண்டுவருகிறார்கள். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஃபைலை யாரும் பத்தாவது பக்கத்துக்கு மேல் புரட்டுவதில்லை. முதலில் தேடுவது நெட், பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ். அதுவே மூன்றாவது பருவத்து மார்க் பட்டியலுக்கு அடியில் கிடக்கும். தேடி எடுக்கிறதற்குள் அந்தப் பிள்ளைக்கு வியர்த்துவிடும்.

கட்டுரைக்கும் இதே நோய் பிடித்திருக்கிறது. 'ஐஎஸ்பிஎன் எண்ணோடு நூலில் இடம், கட்டணம் இவ்வளவு, ஒரு வாரத்தில் பிரசுரம்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஒரு வாரத்தில் எந்த அறிஞர் உங்கள் கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொல்லப்போகிறார்? தரமான இதழ்கள் இவை என்று சொல்லும் யூஜிசி கேர் பட்டியலாவது முன்பு ஒரு வேலியாக இருந்தது, குறைகளோடுதான். 2025 பிப்ரவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி எந்த இதழ் தரமானது என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். உங்கள் துறையில் நீங்கள் மதிக்கிற இரண்டு பேர் எந்த இதழில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள், அங்கே அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் கூடவே வருகிற குறிப்பைப் பத்திரமாக வையுங்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நெட் விஷயத்தில் சுருக்கமாகவும் கறாராகவும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் வந்த திருத்தம் நெட், செட் இவற்றைத்தான் உதவிப் பேராசிரியர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வைத்திருக்கிறது. 'முதலில் ஆய்வேட்டை முடி, நெட் அப்புறம்' என்று கைடு சொன்னால் தலையாட்டிவிட்டு விண்ணப்பம் போடுங்கள். தப்பான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. முதல் தாளில் 50 கேள்வி, 100 மார்க், எல்லாத் துறைக்கும் பொது. தமிழ், வரலாறு படித்தவர்கள் அதில் வருகிற கணக்கைப் பார்த்துப் பயந்து கோட்டைவிடுகிறார்கள். எட்டாம் வகுப்புச் சதவீதக் கணக்குதான் பெரும்பாலும். ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். வீட்டில் 'இன்னும் படிக்கியா' என்கிற கேள்வி நின்றுபோவதற்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. செட் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் நெட்தான்.

2025 ஜனவரியில் யூஜிசி ஆசிரியர் நியமனம் பற்றி ஒரு வரைவு விதியை வெளியிட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானமே போட்டது. ஆகவே நான் சொன்ன அட்டவணை நாளைக்கு மாறலாம். மாறினாலும், அது நேர்காணல் அறையின் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே போனபின் தேர்வு முழுக்க நேர்காணலை வைத்துத்தான். அந்த 2018 விதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நம்ம பிள்ளைகள் தோற்கிற இடம் அதுதான். படிப்பில் குறை இல்லை. 'உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் தலைப்பை ஒப்பிக்கிறார்கள். 'தாமிரபரணி வடிநிலப் பகுதியில் பாசன மேலாண்மையும் சமூக உறவுகளும், ஒரு வரலாற்றியல் நோக்கு, ஐயா.' அப்புறம் அமைதி. கேட்கிறவர் வரலாற்றுக்காரராகக்கூட இருக்க மாட்டார். முதல்வர் வேதியியல், செயலர் வணிகர். அவர்களுக்கு அந்தத் தலைப்பில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அதையே இப்படிச் சொல்லலாம்: "தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கு, ஐயா. ஏழு பிரிட்டிஷாருக்கு முன்னால் கட்டினது. கடைசியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம் மட்டும் அவங்க காலத்தில் கட்டினது. மேலே இருக்கிற ஊர் தண்ணியை எடுத்துக்கிட்டா கீழே இருக்கிற ஊர் என்ன செய்தது, யார்கிட்ட போய் முறையிட்டது? அதுக்கான மனுக்களைத் தேடிப் படிக்கேன்." இவ்வளவுதான். செயலருக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வயல் இருந்தால் அடுத்த கால் மணி நேரம் அவரே கேள்வி கேட்பார். கேள்வி கேட்க வைத்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. கூந்தன்குளத்துப் பறவையோ, முண்டந்துறைக் குரங்கோ, ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியோ, எதுவானாலும் இப்படிச் சொல்ல வழி உண்டு. இல்லையென்றால் ஆய்வு இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம்.

இந்தப் பேச்சு கண்ணாடி முன் நின்று வராது. ஆள் வேண்டும், அதுவும் குறுக்கே கேட்கிற ஆள். இதே பாளையங்கோட்டையில் நாங்குநேரிக்காரர், ஆய்வாளர் நா. வானமாமலை அதற்கு ஒரு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு டுடோரியல் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் கையில் இல்லை. நெல்லை ஆய்வுக் குழு என்று ஒன்றை வைத்து, இளைஞர்களைக் கட்டுரை எழுதி வாசிக்க வைத்தார். வாசித்ததை உட்கார்ந்து விவாதித்தார்கள். 1969-இல் 'ஆராய்ச்சி' என்ற இதழையும் தொடங்கினார். கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அதில் பழகியவர்கள் பின்னால் பேராசிரியர்கள் ஆனார்கள்.

இன்றைக்கு உங்களுக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, கல்லூரி மரத்தடி இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெவ்வேறு துறையிலிருந்து நாலைந்து பேர் சேருங்கள். ஒருத்தர் பேச வேண்டும், மற்றவர்கள் புரியாததைப் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கைடு வர வேண்டாம். வந்தால் எல்லோரும் நல்ல பிள்ளையாகிவிடுவீர்கள்.

நேர்காணலில் நடத்திக் காட்டச் சொல்கிற டெமோ வகுப்புக்கும் அந்தக் கூட்டமே போதும். பத்து நிமிடம்தான் தருவார்கள். அதில் பாடத்தின் வரலாறு, வரையறை, வகைகள் என்று தொடங்கினால் வகைகளிலேயே மணி அடித்துவிடும். ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராதாபுரத்திலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ இரண்டு பேருந்து மாறி வருகிற, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அது விளங்க வேண்டும் என்று நினைத்து நடத்துங்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தால் முன்னால் உட்காரப்போவது அந்தப் பிள்ளைதான், இது தேர்வுக் குழுவுக்கும் தெரியும்.

பின் வரிசையில் ஒரு தங்கச்சி எழுந்து நிற்கிறார், கேளுங்கம்மா. 'கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்தால் போகலாமா, அது கடைசிவரை அங்கேயே நிறுத்திவிடுமா?' நல்ல கேள்வி. உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000, அதுவும் பதினோரு மாதத்துக்குத்தான். அதே வகுப்பு, அதே விடைத்தாள். இது நியாயமில்லை என்று எந்த மேடையிலும் சொல்வேன். ஆனாலும் போங்கள், ஆய்வேட்டுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது மிஞ்சும் என்றால். மிஞ்சாது என்றால் ஆய்வேடு முடிகிறவரை வேண்டாம். பிஎச்.டி. முடிக்கப் பொதுவாக ஆறு ஆண்டுதான் வரம்பு, அது ஓடிக்கொண்டே இருக்கும். போனால் அனுபவச் சான்றிதழை ஒவ்வொரு கல்வியாண்டின் கடைசியிலும் கையோடு வாங்கிவிடுங்கள். சேர்ந்த தேதி, முடிந்த தேதி, எடுத்த பாடம், வாங்கிய சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும், முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். முதல்வர் மாறினபின் போய் நின்றால், பழைய பதிவேட்டைத் தேடணும், அடுத்த வாரம் வாங்க என்பார்கள்.