பச்சை மனிதன் விழுவானா?

நேயர்களுக்கு வணக்கம்.

தைவான் தலைநகர் தைபேயில், சாலையைக் கடக்க நிற்பவர்களுக்கு சிக்னலுக்குள் ஒரு குட்டிப் பச்சை மனிதன் நடந்து காட்டுவான். கையை வீசி, காலை எடுத்துவைத்து, அசல் நடை. 1999-இல் வந்தவன். மேலே விநாடிகள் குறைந்துகொண்டே வரும். நேரம் முடியப்போகிறது என்றால் ஓட்டமெடுப்பான். அப்புறம் சிவப்பு விளக்கில் ஆள் அசையாமல் நிற்பான். உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. எல்.இ.டி. புள்ளிகளாலான சில படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. படம் மாறும் வேகத்தைக் கூட்டினால் நடை ஓட்டமாகிவிடும், அவ்வளவுதான்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஓடும்போது எப்போதாவது ஒருமுறை அவன் தடுக்கி விழுவான் என்று அங்கே ஒரு கதை கிளம்பிவிட்டது. இந்த மாதிரிக் கதைகளில் பார்த்தவர் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார். காத்து நிற்கிறவனுக்குக் கண்ணுக்கு வேறு வேலை இல்லையே. அதே தைவானில் பிங்டுங் என்ற ஊரில் 2018 காதலர் தினத்தையொட்டி அவனுக்கு ஜோடியே சேர்த்துவிட்டார்கள். பச்சையில் இருவரும் கைகோத்து நடப்பார்கள். சிவப்பில் அவன் மண்டியிட்டுச் சம்மதம் கேட்பான்.

கிழக்கு ஜெர்மனியில் போக்குவரத்து உளவியலாளர் கார்ல் பெக்லாவ் 1961-இல் நடைபாதை சிக்னலுக்காக உருவாக்கிய தொப்பிக்காரப் பொம்மை அசையக்கூட மாட்டான். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு அவனைக் கழற்றப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை.

நமக்கு இது புதிதா என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயலோரம் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரன், கையில் ஆயுதம், சில கற்களில் உடம்பில் அம்புகூடத் தைத்திருக்கும். மேலே வட்டெழுத்தில் அவன் பெயர், ஊர் எல்லாம் வெட்டியிருந்தாலும் படிக்கத்தான் ஆளில்லை. அதனால் என்ன, வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைத்தது ஊர். மனித உருவம் ஒன்றை நிறுத்திவிட்டால் நம் ஆட்களும் அதைக் கதையில்லாமல் விடமாட்டார்கள்.

சரி, தருமபுரி நாலு ரோட்டுக்கு அந்தப் பச்சை மனிதன் வந்தால் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான். அவன் ஓட வேண்டாம். பொம்மை ஓடினால் பின்னாலேயே நாமும் ஓடுவோம். காய்கறிப் பையும் முட்டி வலியுமாகக் கடக்கிற அம்மாவுக்கு அது ஆகாது. விநாடிகளைக் கொஞ்சம் கூட்டிவைத்து, அவனை நிதானமாகவே நடக்க விடட்டும்.

வணக்கம்.