வாய் பொத்திச் சிரித்த பிள்ளைகள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். பள்ளி நாட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு அந்த நாட்கள் என்றாலே தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது.

பாலக்கோடு பக்கம் நான் படித்த பள்ளியில் பல பேருக்குப் பல்லில் காவிக் கறை. சிலருக்குச் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைக் கோடு. எனக்கும் உண்டு. "பல்லைத் தேய்க்காமலா வந்தீங்க?" என்று வாத்தியார் வரிசையில் நிறுத்திக் கேட்பார். வேப்பங்குச்சி, சாம்பல், செங்கல் பொடி என்று ஈறு புண்ணாகும்வரை தேய்த்தோம். கறை போகவில்லை. எப்படிப் போகும்? பாறையிலிருந்து கிணற்று நீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு என்ற உப்பு, பல் உருவாகும்போதே அதன் மேல்பூச்சான எனாமலைக் கெடுத்துவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது.

அப்புறம் நானே டீச்சராகிப் பென்னாகரம் வட்டாரத்துக்குப் போனேன். அங்கேயும் அதே பற்கள். குரூப் போட்டோ எடுப்பவர் "சிரிங்க" என்றதும் கைகள் தானாக வாய்க்குப் போகும். நன்றாக வாசிக்கும் ஒரு பெண், சத்தமாகப் படிக்கச் சொன்னால் புத்தகத்தை மூக்குவரை தூக்கிக்கொள்வாள். இறக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. இது பிள்ளைகளின் அழுக்கு இல்லை, தண்ணீர்தான், காய்ச்சினாலும் போகாது என்று பெற்றோரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் கணவர் மேட்டூர்க்காரர். மகள் பிறந்ததும் மாமியார், "புள்ள இங்கயே காவேரித் தண்ணி குடிச்சு வளரட்டும்மா" என்றார். சரி என்றேன். சனிக்கிழமை பஸ் ஏறிப் போவேன். ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது என் முந்தானையை விடமாட்டாள். அவளுக்கு எட்டு வயது முடியும்வரை இப்படித்தான். பல் நன்றாக இருக்கிறது. "கூடவே வச்சிருந்திருக்கலாமேம்மா" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

2013-இல் எங்கள் தருமபுரிப் பக்கத்துக்குக் காவேரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. இனி எந்தத் தாயும் தண்ணீருக்காகப் பிள்ளையை வேறு ஊரில் விடவேண்டாமே என்று இருந்தது.

இளம் தாய்மார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எட்டு வயதுவரை பல் உருவாகும் காலம். அந்த வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டில், ஆற்றுத் தண்ணீர் வரும் நாளிலேயே இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்து மூடி வையுங்கள். குடிக்கவும் சோறாக்கவும் அதையே எடுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். அதைத்தான் குடித்தாக வேண்டும் என்றால், முதலில் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.