திரும்பி வந்த கண்ணாடி

எல்லாருக்கும் வணக்கம். ஆப்டிசியனா, அதாவது டாக்டர் எழுதின பவருக்கு கண்ணாடி செஞ்சு மாட்டிக் குடுக்கற வேலை பாக்குறவங்க, சொந்தக்கடை வைக்கறது எப்படின்னு பேசச் சொன்னாங்க. முதல் எவ்வளவு போடணும், எந்த பிராண்ட் எடுக்கணும்னு கேக்கத்தான் நிறைய பேர் வந்திருப்பீங்க, அதையும் கொஞ்சம் தொட்டுட்டுப் போறேன், ஆனா நான் பதினோரு வருஷம் அடுத்தவங்க கடைல நின்னுட்டு அப்புறமா சொந்தமா ஆரம்பிச்சவன், எனக்குத் தொழில் கத்துக்குடுத்தது பூரா திரும்பி வந்த கண்ணாடிங்கதான், அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருத்தருக்கு ரெண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் ஏழு, பி.டி., அதாவது ரெண்டு கண்மணிக்கும் நடுவுல உள்ள தூரம், 62 மில்லிமீட்டர். அவர் எடுத்த பிரேம்ல உள்பக்கம் 50, 18னு போட்டிருந்துச்சு, அதாவது லென்ஸ் அகலம் 50 மில்லிமீட்டர், மூக்குப் பாலம் 18, ரெண்டையும் கூட்டினா 68, அதுதான் பிரேம்ல ரெண்டு லென்ஸோட நடுவுக்கும் உள்ள தூரம். லென்ஸோட சென்டரை மூக்குப் பக்கமா நகர்த்தி வெட்டியிருக்கணும், நான் அப்படியே பிரேமோட நடுவுல வச்சு வெட்டிட்டேன், மொத்தம் ஆறு மில்லிமீட்டர் தப்பு. பவர் சரி, கண்ணாடி பளபளன்னு இருக்கு, பவரை அளக்கற லென்சோமீட்டர்ல வச்சா ஏழுன்னுதான் காட்டுது. அவர் நாலு நாள் கழிச்சு வந்து தலைவலி தாங்கலன்னு சொன்னார், நான் "புது பவர், பழகிடும் சார்"னு சொல்லி அனுப்பிட்டேன். இன்னிக்கும் அந்த வார்த்தைய நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. அவர் மறுபடியும் வந்தார், அப்பதான் சீனியர் ஒருத்தர் கண்ணாடிய வாங்கி சென்டரை மார்க் பண்ணி, ஸ்கேலை வச்சு என்கிட்ட காட்டினார்.

கணக்கு ரொம்ப சின்னதுங்க. சென்டர் எத்தன சென்டிமீட்டர் தள்ளியிருக்கோ அதை பவரால பெருக்குங்க, அவ்வளவு பிரிசம், அதாவது லென்ஸ் ஒளிய ஒரு பக்கமா வளைக்கற அளவு, வந்துடும். ஒரு கண்ணுக்கு 0.3 சென்டிமீட்டர், பவர் ஏழு, ஆக 2.1, ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து 4.2. அந்த மனுஷன் கண்ணு காலைலேருந்து ராத்திரி வரைக்கும் அந்த 4.2ஐ இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. இந்த விதிக்கு பிரென்டிஸ் விதின்னு பேரு, சார்லஸ் பிரென்டிஸ்ங்கறவர் நியூயார்க்ல நம்மள மாதிரி ஆப்டிசியனா இருந்தவர்தான். 1892ல கண்ணைப் பரிசோதிச்சதுக்குன்னு தனியா ஃபீஸ் வாங்கினார்னு ஒரு கண் டாக்டர் அவர்மேல சண்டைக்கே வந்துட்டார். நான் இதை ஏன் சொல்றேன்னா, நம்ம கைவேலைக்கு ஒரு விலை இருக்குன்னு அன்னிக்கே ஒருத்தர் நின்னு சொல்லியிருக்கார், இன்னிக்கு கடை வைக்கறவங்க ஃபிட்டிங் ஃப்ரீன்னு போர்டு எழுதிட்டு அந்தக் காச பிரேம் விலைல ஒளிச்சு வைக்கறாங்க, அது எனக்குப் பிடிக்கல. ஃபிட்டிங்குக்கு இவ்வளவுன்னு பில்லுல தனியா எழுதுங்க, அந்த வேலைய அந்தத் தரத்துல செஞ்சும் குடுங்க.

தூரத்துக்கும் படிக்கறதுக்கும் ஒரே லென்ஸ்ல மேலேருந்து கீழ பவர் மாறிக்கிட்டே வர்ற ப்ரோக்ரசிவ் பத்தி கொஞ்சம் கூட சொல்லணும், கடையோட பேரு நிக்கறதும் போறதும் இதுலதான். 1959லேயே வாரிலக்ஸ்ங்கற ப்ரோக்ரசிவ் லென்ஸ் மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு, அதுக்கப்புறம் டிசைன் எவ்வளவோ மாறிடுச்சு, ஆனா இன்னிக்கும் ஹைட், அதாவது லென்ஸோட அடிலேருந்து கண்மணி வரைக்கும் உள்ள உயரம், தப்பா எடுத்தா எவ்வளவு ஒசந்த லென்ஸும் வீண். கஸ்டமர் திரும்பி வந்தா உடனே ரிமேக்னு ஓடாதீங்க, படிக்கறதுக்கு ஏதாவது கைல குடுத்துட்டு அவங்க தாடையைப் பாருங்க. தாடைய மேல தூக்கிப் படிச்சா லென்ஸ் கீழ உக்காந்திருக்கு, தூரத்துல பாக்கும்போது தலைய குனிஞ்சா லென்ஸ் ஏறிக் கிடக்கு. மெட்டல் பிரேமா இருந்தா ரெண்டு நோஸ் பேடையும் பிளையர்ல லேசா உள்ள தள்ளுங்க, பிரேம் மேல ஏறும், வெளிய விரிச்சா இறங்கும், நிறைய தடவ புது லென்ஸே தேவைப்படாது. ஒரு வயசான அம்மா எனக்கு முன்னாடி உக்காந்து, நான் பேடை ஒரு மில்லிமீட்டர் நெருக்கினதும், தாடைய தானா இறக்கிட்டுப் படிச்சுக்கிட்டே போனாங்க, நிறுத்தவே இல்ல. இன்னொண்ணு, பிரேமை முகத்துக்கு செட் பண்ணிட்டுதான் ஹைட் மார்க் பண்ணணும். முதல்ல மார்க் பண்ணிட்டு டெலிவரி அன்னிக்கு பேடை வளைச்சீங்கன்னா எடுத்த அளவு எல்லாம் போச்சு.

சரி, கடை விஷயம். வேலை பாக்குற இடத்துல லென்ஸ் வெட்டி மாட்டற பெஞ்ச் வேலை கத்துக்கிட்டீங்க, கவுன்ட்டர்லயும் நின்னீங்க, அதோட கிளம்பிடாதீங்க, பர்ச்சேஸ் பாக்குறவர் பக்கத்துல ஒரு வருஷமாவது இருங்க. ஏன்னா செவுத்துல மாட்டியிருக்கற ஒவ்வொரு பிரேமும் முடங்கிக் கிடக்கற காசு, சப்ளையர் பெட்டியத் திறந்தா எல்லாமே அழகாத்தான் தெரியும், ஆறு மாசம் கழிச்சு பாத்தா பாதி அப்படியே தொங்கும். நான் வாங்கும்போது சைஸைத்தான் முதல்ல பாப்பேன், பவர் ஜாஸ்தி உள்ளவங்களுக்கு 46, 48ல நல்ல பிரேம் வேணும், சென்டரை அதிகம் நகர்த்த வேண்டியிருக்காது, ஓரமும் தடிக்காது, ஆனா ஷோகேஸ்ல பெரிய பிரேம்தான் எடுப்பா தெரியும்னு எல்லாரும் 54, 56னு வாங்கி அடுக்கறாங்க. லென்ஸை பிரேம் அளவுக்கு வெட்டற எட்ஜிங் மெஷினும் முதல் நாளே வேண்டாம், வெளி லேப்ல வெட்ட குடுங்க, ஆர்டர் பெருகினப்புறம் வாங்கிக்கலாம். ஆனா லென்சோமீட்டர், ஃப்ரேம் ஹீட்டர், நல்ல பிளையர் செட் இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க, லேப்லேருந்து வர்ற ஒவ்வொரு ஜோடியையும் நீங்களே செக் பண்ணாம வெளிய விடக்கூடாது. லைசென்ஸ் வேணுமா, கண் டெஸ்ட் யார் பண்ணலாம்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும், அதை விசாரிச்சுட்டு இறங்குங்க.

கடைக்கு கஸ்டமர் வருவாங்களான்னு பயப்படவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019ல விட்ட பார்வை அறிக்கைல, வயசானதுனால கிட்டப் பார்வை மங்கி, அதுக்குத் தீர்வு கிடைக்காம இருக்கறவங்க மட்டும் 82.6 கோடி பேர்னு போட்டிருக்கு. ஒரு ரீடிங் கிளாஸ் கிடைச்சா ஊசில நூல் கோக்கறவங்க, பில் படிக்கறவங்க. அவங்களுக்காகவும் ஷோகேஸ்ல கொஞ்சம் இடம் விடுங்க, பெரிய லாபம் வராது, இருந்தாலும் விடுங்க.

நான் கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு நோட்டு வச்சிருக்கேன், திரும்பி வந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரி, அளவு தப்பா, லேப் தப்பா, பிரேம் தேர்வு தப்பா, இல்ல நான் சரியா கேட்டுக்கலையான்னு. பையன்கள் தப்பு பண்ணாலும் அதுல பேர் எழுத மாட்டேன், காரணத்த மட்டும் எழுதுவேன், அப்பதான் மறைக்காம கொண்டு வந்து குடுப்பாங்க. நோட்டை கொண்டு வந்திருக்கேன், முன்வரிசைல குடுத்து அனுப்பறேன், புரட்டிப் பாருங்க, அதுக்குள்ள யாரோட பிரேமாவது லூசா இருந்தா எடுத்துட்டு வாங்க, ஸ்க்ரூ டிரைவர் பைலதான் இருக்கு.