ஆவி வேறு, ஆன்மா வேறு: ஒரு பகடை ஆட்டத்தின் மறுமை

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

இறந்தவர் எங்கே போகிறார், ஆவி என்பது என்ன, மந்திரம் எப்படிப் பலிக்கிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் மிகக் கறாரான விடைகளை வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அது சமயமன்று, தத்துவமுமன்று, ஒரு விளையாட்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டவை ஆயிரம் பெட்டிகளே.

இதை ஆடுவதற்குக் கட்டம் போட்ட பலகை கட்டாயமில்லை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள, ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே போவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்ற ஐயம் வரும்போது பகடை உருட்டப்படும். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கங்கள் என்றால், இவர்களுடைய முதன்மையான பகடைக்கு இருபது பக்கங்கள். கதை நடத்துபவரை எங்கள் குழுவில் நடத்துநர் என்றே அழைக்கிறோம். பேருந்தில் இருப்பவரைப் போலவே இவரிடமும் அடிக்கடி சில்லறை கேட்டால் கோபம் வந்துவிடும்.

இந்த ஆட்டத்தின் மறுமையை யாரும் ஓர் அறையில் தனித்திருந்து சிந்தித்துப் படைத்துவிடவில்லை என்பதுதான் நான் பல ஆண்டுகளாக வியந்துவரும் செய்தி. மேசையில் ஒருவருடைய பாத்திரம் இறந்துவிடுகிறது. உடனே அவர், "சரி, இப்போது நான் எங்கே இருக்கிறேன்? என்னைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? எவ்வளவு செலவாகும்?" என்று கேட்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் விடை சொல்லியாக வேண்டும். விதிநூல்களில் மறுமையைப் பற்றி இருப்பவற்றுள் பெரும்பகுதியை இப்படிப்பட்ட நச்சரிப்புகளுக்கு எழுதப்பட்ட விடையாகவே நான் படிக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கைகாக்ஸ் 1977-ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில், மனிதர் வாழும் உலகத்துக்கு வெளியே பல தளங்கள் இருப்பதாக வகுத்தார். தேர்ச்சக்கரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பைச் சுற்றிப் பதினாறு தளங்கள். அறத்தோர் ஒரு பக்கம், கொடியோர் எதிர்ப்பக்கம். ஒழுங்கை விரும்புவோர் ஒரு பாதி, கட்டற்றுத் திரிவோர் மறுபாதி. நீங்கள் எப்படி வாழ்ந்தீர்களோ அதற்கு ஒத்த தளத்துக்கு உங்கள் ஆன்மா போய்ச் சேரும். சித்திரகுப்தனின் ஏட்டைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. தண்ணீர் பள்ளத்தை நாடுவதைப்போல ஆன்மா தன் இனத்தை நாடிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அறமும் மறமும் பாராமல் ஒழுங்கை மட்டுமே போற்றுகிறவர்களின் தளத்துக்குத் தொடக்கத்தில் வைத்த பெயர் நிர்வாணம். பற்றற்ற நிலைக்கு நாம் வழங்கும் சொல், அங்கே பிரம்மாண்டமான பல்சக்கரங்கள் ஒன்றையொன்று சுழற்றும் இயந்திர உலகத்தின் பெயராக இருந்தது! பின்னாளில் அதை மெக்கானஸ் என்று மாற்றிவிட்டார்கள்.

அந்தத் தளங்களுக்கும் நம் உலகத்துக்கும் நடுவில் இருக்கும் வெளிக்கு ஆஸ்ட்ரல் என்று பெயர். இந்தச் சொல்லை ஒட்டி நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகம் தளம் தளமாக அமைந்தது, அவற்றுள் ஒன்று ஆஸ்ட்ரல் தளம், உறங்கும்போது நுண்ணுடல் அங்கே உலாவும் என்ற பேச்சை உலகெங்கும் பரப்பியவர்களில் பிரம்மஞான சபையார் முதன்மையானவர்கள். 1875-இல் நியூயார்க்கில் தோன்றிய அந்தச் சபை, 1882-இல் தன் தலைமையிடத்தைச் சென்னை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்டது. சபையின் லெட்பீட்டர் 1895-இல் இந்த ஆஸ்ட்ரல் தளத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். கைகாக்ஸ் அதையெல்லாம் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடையாற்று ஆலமரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த நேயர்கள், அந்த நிழலில் பேசப்பட்ட சொற்கள் பிற்காலத்தில் அமெரிக்கச் சிறுவர்களின் பகடை மேசையிலும் உருண்டன என்பதை எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தில், மந்திரத்தால் ஆஸ்ட்ரல் வெளிக்குப் போகிறவரின் உடலையும் ஆன்மாவையும் ஒரு வெள்ளிக் கயிறு பிணைத்திருக்கும். கயிறு அறுந்தால் உயிர் போய்விடும். கித்யாங்கி என்ற இனத்தாரின் வெள்ளி வாள் அதை அறுக்கவல்லது.

இனி ஆவிக்கு வருகிறேன். தமிழில் ஆவி என்ற சொல்லை நாம் எவ்வளவு தாராளமாகக் கையாளுகிறோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, உடல் பொருள் ஆவி என்று சொல்லும்போது உயிரும் ஆவி, புளியமரத்தில் இருப்பதும் ஆவிதான். இந்த ஆட்டத்துக்காரர்கள் அப்படி விட்டுவிடவில்லை. ஆன்மா வேறு, ஆவி வேறு என்று பிரித்துவிட்டார்கள். 1980-இல் வெளிவந்த, தெய்வங்களைப் பற்றிய விதிநூலில், மனிதருக்கும் குள்ளருக்கும் ஆன்மா உண்டு, எல்ஃப் என்ற நெடுங்காலம் வாழும் வன இனத்தாருக்கு ஆன்மா இல்லை, ஆவி மட்டுமே உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஆன்மா இறந்தபின் தனக்குரிய தளத்தில் தங்கிவிடும்; ஆவியோ சில காலம் கழித்து மீண்டும் பிறந்துவிடும்.

இப்படி ஏன் பிரிக்க வேண்டும்? 1978-ஆம் ஆண்டின் விதிப்படி, இறந்தவரை எழுப்பும் மந்திரம் எல்ஃப்களுக்குப் பலிக்காது. ஏன் பலிக்காது என்று எல்ஃப் பாத்திரத்தை இழந்தவர் கேட்காமல் இருப்பாரா? மறுபிறவிக்கென வைத்திருக்கும் ஒன்றைப் பழைய உடலுக்குத் திருப்ப முடியாது என்ற விடை அந்தக் கேள்விக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தெய்வங்களைப் பற்றிய அந்த 1980-ஆம் ஆண்டு நூலில் நம் இந்திரனும் அக்னியும் இடம்பெற்றிருக்கிறார்கள் என்பதையும், இந்திரனுக்கு எத்தனை அடி தாங்கும் என்பதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

எல்ஃப்களுக்கு இருந்த அந்தத் தடை 2000-ஆம் ஆண்டில் வந்த பதிப்போடு நீங்கிவிட்டது. ஆனால் ஆவி வேறு, ஆன்மா வேறு என்ற பிரிவு வேறோர் இடத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிணத்தோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டு விதிநூலின்படி, அதைச் சொன்னால் பிணம் ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்லும். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆன்மா திரும்பி வருவதில்லை. உடலை இயக்கிய ஆவி மட்டுமே வருகிறது. ஆகவே அதற்கு உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டுமே தெரியும். இறந்தபின் நடந்தது எதுவும் தெரியாது, நாளை நடப்பதை ஊகித்துச் சொல்லவும் தெரியாது. பகைவனாகிய உங்களிடம் உண்மைதான் பேச வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. கொலையுண்டவனையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டால் துப்பறியும் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுமல்லவா? அதைத் தடுக்கத்தான் இத்தனை வேலிகள் என்பது என் கருத்து. ஐந்து கேள்விகளில் ஒன்றை எங்கள் குழுவில் ஒருவர், "நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டு வீணாக்கியதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறோம்.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். எங்கள் ஐவர் குழுவில் ஒரு நண்பர் திருடன் பாத்திரத்தை ஏற்று ஓராண்டுக்கு மேலாக ஆடிவந்தார். ஒரு சுரங்கப் பாதையில் அந்தத் திருடன் மாண்டான். இறந்தவரை எழுப்பும் மந்திரத்துக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் ஒன்று வேண்டும். மந்திரம் அதைத் தின்றுவிடும். இறந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பிணத்தைச் சுமந்துகொண்டு நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது ஆட்டக் கணக்கில் ஒன்பதாம் நாள். கதையில் வரும் நகைக்கடைக்காரரோ வைரத்துக்கு இருமடங்கு விலை சொன்னார். எங்களில் ஒருவர் உண்மையிலேயே நகைத் தொழிலில் இருப்பவர். அவர் கற்பனை வைரத்தில் கற்பனைக் கீறல் இருப்பதாகக் காட்டி முக்கால் மணி நேரம் பேரம் பேசினார். கடைசியில் என் பாத்திரத்தின் குதிரை, தோழர் ஒருவரின் மந்திரக் கேடயம் எல்லாவற்றையும் விற்று வைரத்தை வாங்கினோம். குருக்கள் மந்திரத்தைச் சொன்னார்.

அப்போது நடத்துநர் எங்களை நிறுத்தினார். விதியில் இன்னொரு வரி இருக்கிறது: ஆன்மா திரும்பிவரச் சம்மதிக்க வேண்டும். அவர் திருடனாக ஆடிய நண்பரைப் பார்த்து, "உங்களுக்குத் திரும்பிவர விருப்பமா?" என்று கேட்டார். நண்பர் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தார். "இல்லை" என்றார். அவருடைய பாத்திரத்தின் தம்பி கதையின் தொடக்கத்திலேயே இறந்துபோனவன். அவன் இருக்கும் இடத்துக்கு வந்தாயிற்று, இனி எதற்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். நாங்கள் வாயடைத்துப் போனோம். பிறகு, வைரம் போனது போனதுதானா என்று அரை மணி நேரம் சண்டையிட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போனதுதான் என்று நடத்துநர் தீர்ப்பளித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இன்னொன்று எனக்கு உறைத்தது. 1994-இல் வந்த பிளேன்ஸ்கேப் என்ற விதிநூல் வரிசையின்படி, மறுதளத்துக்குப் போய்ச் சேர்கிறவருக்கு முற்பிறப்பு நினைவு எதுவும் இராது. சாயல் இருக்கும், குணம் இருக்கும். பெயரும் உறவும் அழிந்துவிடும். நாளடைவில் அவர் அந்தத் தளத்தின் மண்ணோடும் மரத்தோடும் ஒன்றாகிவிடுவார். அப்படியானால் அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்தாலும் ஒருவரையொருவர் அறிய மாட்டார்கள். மறுநாள் நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். "அது எனக்கு அப்போதே தெரியும்" என்றார். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

கொடியோரின் கதி இதைவிடக் கொடியது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். சாம்பல் நிறப் பாழ்வெளியொன்றில் அவர்கள் மனித முகம் கொண்ட புழுக்களாகிவிடுகிறார்கள். சூனியக் கிழவிகள் அந்தப் புழுக்களைப் பிடித்து நாணயம்போலக் கைமாற்றுகிறார்கள்.

மந்திரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்; நேரம் குறைவாக இருக்கிறது. மந்திரம் இங்கே வரமுமன்று, தவப்பயனுமன்று, மனப்பாடம். மாயக்காரர் காலையில் ஏட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வார். ஒருமுறை சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950-இல் கதையில் வைத்த வழக்கத்தை இந்த ஆட்டம் எடுத்துக்கொண்டது. பிந்தைய பதிப்புகள் அதைப் பெரிதும் தளர்த்திவிட்டன. படித்தது சொன்னதும் மறந்துபோவதைத் தேர்வு எழுதி முடித்த நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொருள்களும் வேண்டும். நெருப்புக் கோளத்துக்கு வௌவால் எச்சமும் கந்தகமும். வெடிமருந்து செய்யும் முறையை அறிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பிறர் எண்ணத்தை அறிவதற்கு ஒரு செப்புக்காசு. "உன் எண்ணத்துக்கு ஒரு காசு தருகிறேன், சொல்" என்று கேட்கும் ஆங்கில வழக்கை அப்படியே மந்திரமாக்கிவிட்டார்கள்.

இந்த ஆட்டத்துக்கெனப் பல கதையுலகங்கள் உண்டு; மந்திரமும் மறுமையும் உலகத்துக்கு உலகம் வேறுபடும் என்பதுதான் நான் கடைசியாக வைத்திருந்த பகுதி. 1991-இல் வந்த டார்க் சன் உலகில் மாயக்காரர் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சியே மந்திரம் செய்ய வேண்டும். அடக்கமின்றி உறிஞ்சினால் காலடி மண் சாம்பலாகிவிடும். 2004-இல் வந்த எபெரான் உலகில் நல்லவர், தீயவர் எல்லோரும் ஒரே சாம்பல் வெளிக்குப் போய் மெல்ல மறந்து மங்குகிறார்கள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகில் எந்தத் தெய்வத்தையும் நம்பாமல் இறந்தவர்களை ஒரு மதிற்சுவரில் வைத்துப் பூசிவிடுவார்கள். நாத்திகருக்கு இப்படியொரு தண்டனையா என்று ஆடுவோர் நெடுங்காலம் சச்சரவிட்டுவந்தார்கள், 2020-இல் ஒரு விதிநூலின் திருத்தத்தில் அந்தச் சுவரைப் பற்றிய குறிப்பு சத்தமில்லாமல் நீக்கப்பட்டது.

இந்த உலகங்களுக்கெல்லாம் நடுவே சிகில் என்றொரு நகரம் உண்டு. அங்கே எந்த வாயிலும் வேறோர் உலகத்துக்கு வழியாக இருக்கலாம். வீட்டு நிலைப்படியும் வழியாகலாம், பீப்பாய் வளையமும் வழியாகலாம். திறவுகோல் ஒரு பொருளாக இருக்கலாம், ஒரு சொல்லாகவும் இருக்கலாம், மனத்தில் ஓடும் ஒரு நினைப்பாகவும் இருக்கலாம். அதனால் அந்நகரத்தார் தெரியாத வாயிலைக் கடக்கும்போது எதையும் நினைக்காமல் கடக்கப் பழகியிருப்பார்கள் என்று... கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் கையை உயர்த்திவிட்டார்கள். வாய்ப்பளித்த வானொலிக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.