கழுவுகிற தண்ணீரும் ஓவியத்தில் சேர்ந்ததுதான்

(காளஹஸ்தி வட்டாரத்தில் கலம்காரி வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

காளஹஸ்தி, ஏர்ப்பேடு, சத்தியவேடு, நகரி என்று பல பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். கலம், அதாவது துணியில் வரையும் மூங்கில் பேனா, அதைப் பிடிப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கலத்தைக் கீழே வைத்த பிறகு நடக்கிற வேலையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சுற்றுச்சூழலைப் பற்றி ஓவியம் போடுங்கள் என்றால், வெட்டுப்பட்ட மரம், வறண்ட குளம், கண்ணீர் விடும் பூமாதேவி என்று வரைந்துவிடுகிறோம். துணி அழகாகத்தான் இருக்கும், கண்காட்சியில் பரிசும் கிடைக்கும். ஆனால் அந்தத் துணியை அலசிய தண்ணீர் எந்தச் சாக்கடையில் விழுந்தது? நான் முதலில் கேட்பது அதைத்தான். வரைந்த விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சீனாவில் செங்டு என்றொரு நகரம். அதன் ஆறு சாயக்கழிவும் சாக்கடையும் கலந்து கெட்டுக்கிடந்த காலத்தில், 1995-இல், யின் சியூசென் என்ற பெண் கலைஞர் அந்த ஆற்றுத் தண்ணீரையே மொண்டு பனிக்கட்டிகளாக உறையவைத்தார். பத்து கன மீட்டர் அளவு. கரையில் அடுக்கி, பக்கத்தில் நல்ல தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் பனிக்கட்டியைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். ஜனங்களும் கழுவினார்கள். கழுவக் கழுவக் கட்டி உருகி மறுபடி ஆற்றோடு போயிற்று. ஆற்றைக் கழுவ முடியுமா என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை, கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தக் கலை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தவர் பெட்சி டேமன் என்ற அமெரிக்கப் பெண் கலைஞர். அவர் அதோடு நிற்கவில்லை. 1998-இல் அதே ஆற்றங்கரையில் ஏறக்குறைய ஆறு ஏக்கரில் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி முதலில் ஒரு குளத்தில் தெளியவிடுகிறார்கள். பிறகு அது கல்லில் செதுக்கிய வளைவான தொட்டிகளில் சுழன்று காற்றை வாங்குகிறது, அடுத்து நாணலும் நீர்ச்செடிகளும் வளர்ந்த பாத்திகள் வழியாக ஊர்ந்து மீன்குளத்துக்கு வருகிறது. ஒரு நாளைக்கு 200 கன மீட்டர். ஒரு பெரிய ஆற்றுக்கு அது சொட்டுத் தண்ணீர். ஆனாலும் அழுக்குத் தண்ணீர் எந்தெந்தப் படியில் எப்படித் தெளிகிறது என்பதை ஒரு சிறுபிள்ளை நடந்தே பார்க்க முடிகிறது. நம் நாட்டில் நவ்ஜோத் அல்தாஃப் என்ற பெண் கலைஞர், சத்தீஸ்கரின் பஸ்தரில் ஆதிவாசிக் கலைஞர்களோடு சேர்ந்து அடிபம்புகளைச் சுற்றி மேடையும் சுவரும் எழுப்பினார். குடத்தைத் தலைக்கு ஏற்றும் முன் வைத்துக்கொள்ள இடம் உண்டு, சிந்தும் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். சிற்பம் என்று பார்த்தாலும் சரி, தண்ணீர்த்துறை என்று பார்த்தாலும் சரி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1957-இல் கமலாதேவி சட்டோபாத்யாய முயற்சியால் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் வந்தது. 2005-இல் காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பு ஆண்கள் கையில் இருந்த கலம் இன்று பெரும்பாலும் பெண்கள் கையில். ஆனால் கண்ணப்பர் வாயில் நீர் மொண்டு வந்ததாகச் சொல்லும் பொன்முகலி ஆறு வருஷத்தில் பெரும்பகுதி மணல். ஆறு ஓடாததால் அலசுகிற வேலை வீட்டுக் கொல்லைக்கும் போர்த் தண்ணீருக்கும் வந்துவிட்டது. கோளாறு தொடங்குவது இங்கேதான்.

ஓடும் தண்ணீரில் அலசச் சொன்ன பெரியவர்கள் சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை. சிவப்பு வர வேண்டிய இடத்தில், சாயத்தை நூலோடு பிடிக்கவைக்கும் படிகாரக் கரைசல் பூசி, ஒரு நாளாவது காயவிட்டு அலசுகிறோம். நூலைப் பற்றாத உபரிப் படிகாரம் அப்போது வெளியே வருகிறது. ஆற்றில் அது போய்விடும். தொட்டியில் போகாது, கூடவே மிதந்து துணியின் வெற்றிடங்களில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. சிவப்புச் சாயம் தரும் சுருள்பட்டையிலோ மஞ்சிட்டியிலோ போட்டுக் காய்ச்சும்போதுதான் துணி முழுக்க இளஞ்சிவப்புப் படலம் எழும். அதற்குப் பயந்து குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுகிறோம்.

இதற்குப் பழைய மாற்று ஒன்று உண்டு: சாணி. முதல் அலசலையே சாணி கரைத்த தண்ணீரில் செய்தால் உபரிப் படிகாரத்தைச் சாணியே பிடித்துக்கொள்ளும். சாணி கிடைக்காதவர்கள் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கால்சியம் கார்பனேட் பொடியைக் கலக்குங்கள். பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடி செய்யாதீர்கள், அதில் பெரும்பாலும் ஜிப்சம்தான். துணியை முழுக்க விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து, ஒரே மூச்சில் இறக்குங்கள். மடிப்போடு இறக்கினால் மடிப்புக்கு மடிப்பு அச்சு விழும். ஐந்து பத்து நிமிஷம் ஓயாமல் ஆட்ட வேண்டும்.

பிறகு மூன்று தொட்டி. முதலில் அழுக்கானது, கடைசியில் சுத்தமானது. ஒரு துணி முடிந்ததும் முதல் தொட்டியை மட்டும் காலி செய்து, இரண்டாவதை முதலுக்கும் மூன்றாவதை இரண்டாவதுக்கும் மாற்றி, மூன்றாவதில் மட்டும் புதுத் தண்ணீர் விடுங்கள். ஒரு தொட்டித் தண்ணீர் மூன்று தடவை உழைக்கும்.

வெளியே விடும் படிகாரத் தண்ணீர் புளிப்பானது. செடி தாங்காது. நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புளிப்பை அளக்கும் பிஹெச் தாளில் ஏழு காட்டும்போது நிறுத்துங்கள். பஞ்சு பஞ்சாகத் திரண்டு ராத்திரிக்குள் அடியில் படியும். கைதவறி ஒன்பதைத் தாண்டிவிட்டால் படிந்த அலுமினியம் மறுபடி கரைய ஆரம்பிக்கும். தெளிந்ததைக் கல்வாழையும் கோரையும் நட்ட பாத்திக்கு விடலாம். கீரைப்பாத்திக்கும் கிணற்றடிக்கும் வேண்டாம்.

சாயம் காய்ச்சி மிஞ்சிய தண்ணீரைக் கொட்டவே கொட்டாதீர்கள். அதில் இன்னும் நிறம் இருக்கிறது, அதைப் பொடியாகப் பிரித்தெடுக்கலாம். பத்து லிட்டர் சாயநீரை மெல்லிய துணியில் வடிகட்டி, இருபது லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றுங்கள். இரும்பு, செம்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. நூறு கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். சலவை சோடா ஐம்பது கிராமை அரை லிட்டர் வெந்நீரில் தனியாகக் கரைத்து, கரண்டி கரண்டியாக விடுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் நுரை பொங்கி வாசல்வரை ஓடும், பாதி வாளி காலியாக இருக்கச் சொன்னது அதற்குத்தான். ஆப்ப சோடா வேறு சரக்கு, இந்த அளவு அதற்குப் பொருந்தாது.

மறுநாள் காலை மேலே தெளிவாகவும் அடியில் குழம்பாகவும் நிற்கும். மேல்தண்ணீர் இன்னும் சிவப்பாக இருந்தால் படிகாரம் போதவில்லை. இன்னொரு பத்து கிராம் படிகாரம், ஐந்து கிராம் சோடா. பிறகு மேல்நீரை இறுத்து, நல்ல தண்ணீர் விட்டு, தெளியவிட்டு இறுத்து, இப்படி மூன்று முறை. இதில் சோம்பினால் உப்பு தங்கி, காய்ந்த வண்ணத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும். இரட்டை மல் துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி, அம்மியில் நைசாக அரைத்து, வேலம்பிசின் கரைசலில் குழைத்தால் காகிதத்துக்கும் மரப்பலகைக்கும் நல்ல சிவப்பு. துணிக்கு ஆகாது, துவைத்தால் போய்விடும். கடுக்காய்ப்பூ மஞ்சளிலும் இதே முறைதான். சமையல் மஞ்சளில் செய்யாதீர்கள், வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும்.

கசிமியை, அதாவது இரும்பும் வெல்லமும் ஊறவைத்த கறுப்பை, இவற்றில் எதிலும் ஒரு சொட்டுக்கூடக் கலக்கவிடக் கூடாது. சிவப்பு மண்ணிறமாகும், மஞ்சள் சாம்பலாகும். கசிமி மிஞ்சினால் மூடிவைத்து அடுத்த துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகிவிட்டதை அப்படியே பூசினால் துணியை அரித்துவிடும். பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு போன இடம் முதலில் கிழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கசப்பாக இருக்கும். இயற்கைச் சாயம் என்றாலே குற்றமில்லாதது என்று விற்கிறவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். சந்தையில் வரும் சிவப்பில் செயற்கையாகச் செய்த அலிசரின் பொடியும் உண்டு. மஞ்சிட்டியில் இருக்கும் நிறப்பொருளின் உறவுதான் அது, ஆனாலும் வேர்ச்சாயம் என்று சீட்டு ஒட்டினால் பொய். அதைவிட மோசம், நிறம் கூடட்டும் என்று மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் பைகுரோமேட் என்ற குரோமிய உப்பும் போடுவது. இலையும் பட்டையும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் விஷம்தான். அப்படிப்பட்ட சாயநீரில் மேலே சொன்ன பொடியை எடுக்காதீர்கள், பாத்திக்கும் விடாதீர்கள். பிள்ளைகள் புழங்கும் பலகைக்கும் பொம்மைக்கும் அந்த நிறம் போய்ச் சேரக் கூடாது.

மதியம் கொல்லைப்புறத்தில் மூன்று தொட்டியும் வைத்திருக்கிறோம். படிகாரம் பூசிக் காய்ந்த துணி கொண்டுவந்தவர்கள் எடுத்து வாருங்கள், பிஹெச் தாளும் சுண்ணாம்பும் இங்கேயே இருக்கின்றன.