காத்து பிரிஞ்சுதா?

விபத்து வார்டில் நாங்கள் தினமும் கேட்கும் கேள்விதான் தலைப்பு. காத்து பிரிந்தால் குடல் மறுபடி அசையத் தொடங்கிவிட்டது, சாப்பாடு கொடுக்கலாம் என்று அர்த்தம். புதிதாக வந்த நர்சிங் மாணவிகள் முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் கட்டிலருகே டிபன் கேரியரில் இட்லியோடு நிற்கும் அம்மாவுக்குச் சிரிப்பு வராது. “சார், எம்புள்ளைக்கு அடிபட்டது கால்ல. வயித்துக்கு என்ன வந்துது?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தசைக்குள்ளேயே தேங்கிவிடும். உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர். வேறு காயமும் சேர்ந்து இரண்டு லிட்டர் போய்விட்டால், மூளைக்கும் இதயத்துக்கும்தான் முதல் பந்தி. குடலுக்கு இலை போடுவதே இல்லை. குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகளான குடல் உறிஞ்சிகளின் நுனி முதலில் கருகும். சுவர் கசியத் தொடங்கும்.

சரி, ரத்தம் ஏற்றினோம், பிரஷர் 120 வந்துவிட்டது. தீர்ந்ததா? இல்லை, இனிமேல்தான் ஆரம்பம். பட்டினி கிடந்த திசுவுக்குள் ஆக்சிஜன் திரும்பப் பாயும்போது, திசுவையே அரிக்கும் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. குடலின் தசை அடுக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் விழுங்கு செல்கள் (கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள்) விழித்துக்கொண்டு, ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைக் கூப்பிடுகின்றன. அவை எல்லாம் சேர்ந்து வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் தசையைத் தொய்ய வைக்கின்றன. குடல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, வயிறு உப்புகிறது.

முன்பு எல்லாப் பழியையும் நரம்பின் மேல்தான் போடுவார்கள். 1890களின் கடைசியில் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எக்ஸ்ரேயில் பார்த்தார்: பூனை மிரண்டால் அதன் இரைப்பை அசைவு நின்றுவிடும். உண்மைதான். ஆனால் பயம் தெளிந்தால் அசைவு திரும்பிவிடுமே! நாள்கணக்கில் நிற்பதற்கு அது மட்டும் போதாது. எலிகளை ரத்தம் இழக்கச் செய்து பார்த்த ஆய்வுகளில், அந்த நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தபோது அழற்சியும் (வெள்ளணுக்கள் கூடி உண்டாக்கும் வீக்கம்) குறைந்தது, குடல்தசையும் நன்றாகச் சுருங்கியது. வலிக்குப் போடும் மார்ஃபினும் குடலை மந்தமாக்கும், அதையும் மறைக்கக் கூடாது.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “குடல் உள்ளுக்குள்ள வீங்கியிருக்கும்மா, தண்ணியா கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிப்போம்” என்றேன். மூன்றாம் நாள் காலை நான் வாசலில் நுழைவதற்குள், “பிரிஞ்சுடுச்சு சார்!” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பையன்தான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.